மறுநாளின் கணக்கு: எக்சென்ட்ரிக் பயிற்சியும் விரைவோட்டமும் – ஓர் ஆய்வு வரலாறு

1952ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் நிகழ்ந்த ஒரு செயல்விளக்கம் உடலியல் வரலாற்றில் இன்றளவும் நினைவுகூரப்படுகிறது. இரண்டு சைக்கிள்கள் முதுகோடு முதுகாக நிறுத்தப்பட்டு, ஒரே சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தன. ஒன்றில் அமர்ந்தவர் முன்னோக்கி மிதிக்க, மற்றதன் மிதிகட்டைகள் பின்னோக்கிச் சுழன்றன. அதில் அமர்ந்தவர் அந்தச் சுழற்சியைத் தம் கால்களால் தடுத்துக்கொண்டிருந்தார். இருவரும் செலுத்திய விசை ஒன்றே; வேகமும் ஒன்றே. மிதித்தவர் பெரிய உடற்கட்டுள்ள ஆண். தடுத்தவர் உருவில் சிறிய பெண். சிறிது நேரத்தில் ஆண் களைத்துப்போனார். பெண்ணிடம் அத்தகைய களைப்பு ஏதும் இல்லை. அவையினர் இதனைப் பெரிதும் இரசித்தனர்.

இந்த ஏற்பாட்டைப் பயன்படுத்திய ஆய்வை அதே ஆண்டில் வெளியிட்டவர்கள் அபட், பிரெண்டா பிக்லண்ட், ரிட்சி என்னும் மூவர். ஒரே அளவு விசைக்கு மிதிப்பவர் செலவிடும் ஆக்சிஜன், தடுப்பவர் செலவிடுவதைவிட மெதுவான சுழற்சியில் சுமார் 2.4 மடங்காகவும் வேகமான சுழற்சியில் 5 மடங்குக்கு மேலாகவும் இருந்தது. தசை சுருங்கி வேலை செய்வதைவிட, நீண்டுகொண்டே எதிர்ப்பது மிக மலிவானது என்பது அதன் முடிவு.

அளவீடு அந்தச் சில நிமிடங்களோடு முடிந்தது. தடுத்தவரின் கால்கள் மறுநாள் எப்படி இருந்தன, அவரால் முழு வேகத்தில் ஓட முடிந்திருக்குமா, ஒரு மாதம் கழித்து அதே கால்கள் முன்னைவிட வலுப்பெற்றிருக்குமா என்பன அந்த ஆய்வின் கேள்விகள் அல்ல. ஆனால் எக்சென்ட்ரிக் பயிற்சி என்று இன்று அழைக்கப்படும் துறையின் நூறாண்டு வரலாறு, பெரும்பாலும் இக்கேள்விகளின் வரலாறே. அவ்வினை தசையைக் கெடுக்கிறது என்றவர்களும், வளர்க்கிறது என்றவர்களும், ஓட்டத்தைக் குறைக்கிறது என்றவர்களும், கூட்டுகிறது என்றவர்களும் தத்தம் அளவில் சரியாகவே கண்டிருந்தனர். அவர்கள் அளந்த நாள்தான் வேறு வேறு.

சொல்லும் பொருளும்

நீர் நிறைந்த குடத்தை இடுப்பிலிருந்து தரையில் மெல்ல இறக்கி வைக்கும்போது மேற்கையின் முன்பக்கத் தசை விசையை விடாமலேயே நீள்கிறது. விசையை விட்டால் குடம் உடையும். மலைப்படியில் இறங்குகையில் ஒவ்வோர் அடியிலும் முன்தொடைத் தசை இவ்வாறே நீண்டபடி உடலின் எடையைத் தாங்குகிறது. விசை காட்டிக்கொண்டே நீளும் இந்நிலையே எக்சென்ட்ரிக் இயக்கம். குடத்தைத் தூக்கும்போதும் படி ஏறும்போதும் தசை விசையோடு குறுகுகிறது. அது கான்சென்ட்ரிக் இயக்கம்.

விரைவோட்டத்தில் இவ்விரண்டும் கண்ணிமைக்கும் நேரத்தில் மாறி மாறி நிகழ்கின்றன. முழு வேகத்தில் ஓடும் வீரரின் பாதம் தரையில் இருப்பது ஏறத்தாழ 0.1 விநாடி மட்டுமே. பாதம் ஊன்றியவுடன் கெண்டைக்கால் தசையும் முன்தொடைத் தசையும் முதலில் நீண்டு, பின் குறுகி, உடலை முன் தள்ளுகின்றன. காற்றில் முன்னோக்கி வீசும் காலை ஊன்றுவதற்கு முன் தடுத்து நிறுத்துவது பின்தொடைத் தசை. அதுவும் நீண்டுகொண்டேதான் அப்பணியைச் செய்கிறது.

விசையும் வேகமும் பெருகிச் சில விநாடிகளுக்குள் வெளிப்படும் வேலை வீதமே குறுநேரத் தசைத்திறன் எனப்படுகிறது. விரைவோட்டத்தின் தொடக்கம், உயரத் தாவல், சில விநாடிச் சைக்கிள் மிதிப்பு ஆகியவை அதன் வழக்கமான அளவுகோல்கள். இதில் சிறு வேறுபாடும் பெரிது. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி. டி. உஷா 55.42 விநாடியில் முடித்தார்; மூன்றாம் இடம் பெற்ற ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41. நூறில் ஒரு பங்கு விநாடி ஒரு பதக்கத்தின் விலை என்றால், தசைத்திறனைச் சில நாட்களுக்கு வெகுவாகக் குறைக்கவும் சில வாரங்களில் உயர்த்தவும் வல்ல ஒரு பயிற்சியின் காலக்கணக்கு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

பாஸ்டனில் கேட்ட முதற்கேள்வி

மறுநாளைக் குறித்து முறையாகக் கேட்டவர்களுள் முன்னோடி தியோடர் ஹஃப். பாஸ்டனில் பணியாற்றிய அவர், விரல் தசையின் வேலையைப் பதியும் எர்கோகிராஃப் கருவியைக் கொண்டு சோதனைகள் நடத்தி, 1902இல் அமெரிக்க உடலியல் இதழில் அவற்றை விரிவாக எழுதினார். பயிற்சியின்போதே தோன்றும் களைப்பும், பல மணி நேரம் கழித்துத் தோன்றி மறுநாள் முற்றும் நோவும் ஒன்றல்ல என்று அவர் பிரித்துக் காட்டினார். முன்னது கழிவுப் பொருள்களால் நேர்வதாக இருக்கலாம். பின்னது தசைக்குள்ளேயே ஏற்படும் நுண்ணிய கிழிசல்களால் நேர்வது என்பது அவர் கருத்து. நுண்ணோக்கியில் எதையும் காட்ட அன்று அவருக்கு வழியில்லை. நோவு தோன்றிய விதத்தையும் நேரத்தையும் கொண்டே அவர் அம்முடிவுக்கு வந்தார்.

இக்கருத்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஓரமாகவே கிடந்தது. தசை ஆய்வின் மையம் வெப்பத்தையும் ஆற்றலையும் அளக்கும் பக்கம் நகர்ந்ததே அதற்குப் பெருங்காரணம்.

ஹில்லின் பள்ளி

அந்த நகர்வின் தலைமகன் ஏ. வி. ஹில். தசை வெளியிடும் வெப்பத்தை அளந்ததற்காக 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இந்திய வாசகருக்கு அவர் முற்றும் அயலார் அல்லர். 1943–44இல் இந்தியாவுக்கு வந்து, இந்நாட்டின் அறிவியல் ஆய்வு நிலை குறித்து அறிக்கை அளித்த ஹில் அவரே.

ஹில்லின் ஆய்வகத்தில் பணியாற்றிய அமெரிக்கர் வாலஸ் ஃபென், 1923–24இல் தவளைத் தசையைக் கொண்டு ஒரு முக்கியமான உண்மையைக் கண்டார். தசை குறுகி வேலை செய்யும்போது கூடுதல் ஆற்றலை வெளியிடுகிறது. சுமை அதனை இழுத்து நீட்டும்போது வெளிப்படும் ஆற்றல் குறைகிறது. தசையை இழுத்துவிட்ட இரப்பர் போலக் கருதிய அன்றைய கொள்கைக்கு இது பெரும் அடி. தசை தன்மேல் ஏறும் சுமைக்கேற்பத் தன் ஆற்றல் செலவை மாற்றிக்கொள்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று. 1939இல், ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்து ஹில்லிடம் பணியாற்றிய பெர்னார்டு காட்ஸ், அசையாது நிற்கும் தசை காட்டும் உச்ச விசையைவிட வலுவில் நீட்டப்படும் தசை மிகுந்த விசையைத் தாங்கும் என்று அளந்து காட்டினார்.

இதே பள்ளி விரைவோட்டத்தையும் அளந்தது. 1926–27இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹில்லும் உடனிருந்தோரும் ஓட்டவீரரின் உடலில் ஒரு காந்தத்தைக் கட்டினர். ஓடுபாதையின் ஓரமாகக் குறிப்பிட்ட இடைவெளிகளில் கம்பிச்சுருள்களை நிறுத்தினர். வீரர் ஒவ்வொரு சுருளையும் கடக்கும்போது எழும் மின்துடிப்பு அவர் வேகத்தைப் பதிந்தது. வேகம் ஓர் எல்லைக்கு மேல் ஏன் ஏறுவதில்லை என்னும் வினாவுக்குத் தசையின் உள் உராய்வே காரணம் என்று அவர்கள் அன்று விடை கூறினர். ஃபென் 1930இல் ஓட்டவீரர்களைப் படம்பிடித்துக் கணக்கிட்டு வேறொரு சித்திரத்தைத் தந்தார். ஓட்டக்காரரின் ஆற்றலில் பெரும்பங்கு, கைகால்களை முடுக்குவதிலும் மீண்டும் தடுத்து நிறுத்துவதிலும் செலவாகிறது என்றார். வேகமாக ஓடுபவர் தம் கால்களை வேகமாகத் தடுக்கவும் வல்லவராக இருத்தல் வேண்டும் என்னும் கருத்தின் வித்து அங்கே உள்ளது. அது முளைவிடப் பல்லாண்டுகள் ஆயின.

1952இன் இரட்டைச் சைக்கிள் இந்த மரபின் இயல்பான தொடர்ச்சி. மலிவு, விசை, வெப்பம் ஆகிய மூன்றும் அம்மரபின் கேள்விகள். உயிருள்ள மனிதர் மறுநாள் படும் பாடு அதன் கேள்வியாகவில்லை. கோபன்ஹேகனில் எர்லிங் ஆஸ்முஸன் 1950களில் அந்த இடைவெளியைத் தொட்டார். தசைநோவைப் பெரிதும் தோற்றுவிப்பது தசை நீண்டு எதிர்க்கும் வேலையே என்று அவர் காட்டினார். மிகக் குறைந்த ஆக்சிஜனைக் கேட்கும் வேலையே மிகுந்த நோவைத் தருகிறது என்பது அன்றைய அறிவுக்கு ஒரு புதிராக நின்றது.

மாஸ்கோவின் தாவல்

ஏறக்குறைய அதே காலத்தில் சோவியத் ஒன்றியத்தில் யூரி வெர்கோஷான்ஸ்கி வேறொரு பாதையில் இதே இடத்துக்கு வந்தார். அவர் தடகளப் பயிற்சியாளர். மும்முறைத் தாவலில் ஒவ்வோர் ஊன்றலிலும் வீரரின் கால் தாங்கும் விசை உடல் எடையைப் பன்மடங்கு விஞ்சுவதை அவர் கவனித்தார். அத்தகைய அதிர்வைக் கட்டுப்படுத்தப்பட்ட முறையில் பயிற்சியாக்கினால் தசையின் வெடிப்பாற்றல் வளரும் என்று கருதி, ஒரு மேடையிலிருந்து இறங்கித் தரையைத் தொட்டவுடன் மேலெழும் ஆழத் தாவலை வகுத்தார். 1960களின் பிற்பகுதியில் அவர் பரிந்துரைத்த உயரங்கள் 0.75 மீட்டரும் 1.10 மீட்டரும். இம்முறைக்கு அவர் இட்ட பெயர் அதிர்ச்சி முறை. அடிப்படை வலிமைப் பயிற்சி பெற்றவர்க்கே அது உரியது என்றும், அளவோடு செய்யத்தக்கது என்றும் அவர் வலியுறுத்தினார்.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சோவியத் வீரர் வலேரி போர்சோவ் 100 மீட்டரை 10.14 விநாடியிலும் 200 மீட்டரை 20.00 விநாடியிலும் ஓடி இரண்டு தங்கங்களை வென்றார். விரைவோட்டத்தில் அமெரிக்கர் கோலோச்சிய காலம் அது. மேற்கு நாடுகள் சோவியத் பயிற்சியின் இரகசியத்தைத் தேடின; தாவல் பயிற்சியே அது என்று பலர் நம்பினர். 1975இல் அமெரிக்கப் பயிற்சியாளர் ஃபிரெட் வில்ட் அதற்குப் பிளையோமெட்ரிக்ஸ் என்று பெயரிட, அச்சொல் உலகெங்கும் பரவியது.

இங்கு வரலாற்று மாணவர் சற்று நிதானிக்க வேண்டும். மியூனிக்கில் அமெரிக்காவின் இரு சிறந்த ஓட்டவீரர்கள், எடி ஹார்ட்டும் ரே ராபின்சனும், நேர அட்டவணைக் குழப்பத்தால் 100 மீட்டர் காலிறுதிக்கு வராமலே போயினர். போர்சோவின் தகுதி இதனால் குறைவுபடாது. 200 மீட்டரையும் அவர் வென்றார். ஆயினும் ஒருவர் பெற்ற வெற்றியை ஒரு பயிற்சி முறைக்குச் சான்றாக்கும் வாதம் எத்துணை வலுவற்றது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு. பிளையோமெட்ரிக்ஸ் பரவியது சான்றின் வலிமையால் மட்டுமன்று, பதக்கத்தின் ஒளியாலும்தான். வெர்கோஷான்ஸ்கி விதித்த முன்னிபந்தனைகள் அந்த ஒளியில் பலர் கண்ணுக்குப் புலப்படவில்லை.

அறிவியல் விளக்கம் வேறு இடங்களிலிருந்து வந்தது. இத்தாலியில் கவாஞ்ஞாவும் மார்கரியாவும் 1960களில், முதலில் நீட்டப்பட்ட தசை உடனே குறுகும்போது கூடுதல் வேலை செய்கிறது என்று காட்டியிருந்தனர். பின்லாந்தில் பாவோ கோமியும் கார்மெலோ பாஸ்கோவும் 1978இல் மனிதத் தாவலில் இம்மீள் ஆற்றலை அளந்தனர். நீட்சியும் சுருக்கமும் இணைந்த சுழற்சி என்னும் கருத்து இவ்வாறு நிலைபெற்றது.

இதே கோமி, பஸ்கிர்க்கோடு இணைந்து 1972இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இவ்வரலாற்றின் திருப்புமுனையாகத் தக்கது. முழங்கையை மடக்கும் தசைகளுக்கு ஒரு குழு எக்சென்ட்ரிக் பயிற்சியும் மற்றொரு குழு கான்சென்ட்ரிக் பயிற்சியும் 7 வாரங்கள் செய்தன. எக்சென்ட்ரிக் குழுவினர்க்குத் தொடக்க நாட்களில் நோவு மிகுந்தது. அவர்தம் வலிமையும் சற்றுத் தாழ்ந்தது. பின்னர் அது மீண்டு, தொடங்கிய நிலையைக் கடந்து உயர்ந்தது. அதே மனிதர், அதே தசை, அதே பயிற்சி. முதல் வாரத்தில் நிறுத்தி அளந்தவர் இதனைக் கேடு என்றிருப்பார். ஏழாம் வாரத்தில் அளந்தவர் நன்மை என்றிருப்பார்.

லாக்டிக் அமிலத்தின் வழக்கு

1980களின் முதல் சில ஆண்டுகளில் ஹஃப்பின் பழைய கருத்து மீண்டெழுந்தது. அதற்கு முன்னர் ஒரு பிழையான விளக்கம் வெளியேற வேண்டியிருந்தது. மறுநாள் நோவுக்கு லாக்டிக் அமிலம் தேங்குவதே காரணம் என்று பயிற்சியாளர் பலர் நம்பினர். 1983இல் ஷ்வேனும் உடனிருந்தோரும் சிலரைச் சமதளத்திலும் இறக்கத்திலும் டிரெட்மில்லில் ஓடவிட்டனர். சமதளத்தில் ஓடியவர்க்கு இரத்தத்தில் லாக்டேட் உயர்ந்தது. பின்னர் நோவு வரவில்லை. இறக்கத்தில் ஓடியவர்க்கு லாக்டேட் உயரவில்லை. நோவு மிகுதியாக வந்தது. இத்துணைத் தெளிவான சோதனைக்குப் பிறகும் அமில விளக்கம் மைதானப் பேச்சிலிருந்து இன்றும் மறையவில்லை.

ஸ்வீடனில் யான் ஃப்ரிடேன் குழுவினர் 1981இல், படிகளில் ஓடி இறங்கியவர்களின் தசைத் துணுக்கை நுண்ணோக்கியில் ஆய்ந்தனர். தசை இழையின் அடிப்படை அலகான சார்க்கோமியர்களைப் பிரிக்கும் இசட் கோடுகள் ஒழுங்கு குலைந்து கிடந்தன. லண்டனில் நியூஹம் குழுவினர் 1983இல் எளிய படிச் சோதனை ஒன்றை வகுத்தனர். ஒரு கால் எப்போதும் ஏறவும், மறு கால் எப்போதும் இறங்கவும் செய்தது. இறங்கிய காலின் முன்தொடையே பெரிதும் வலுவிழந்தது. நோவும் அதற்கே வந்தது. ஒரே உடல், ஒரே இரத்தம். எனவே உணவையோ உறக்கத்தையோ காரணம் காட்ட இடமில்லை.

1990இல் டேவிட் மார்கன் இதற்கு ஓர் இயக்க விளக்கம் தந்தார். நீட்டப்படும் இழையில் எல்லாச் சார்க்கோமியர்களும் சமமாக நீள்வதில்லை. வலுக்குறைந்தவை திடீரெனத் தம் எல்லைக்கு மேல் இழுபடுகின்றன. திரும்பத் திரும்ப நிகழும்போது அவற்றுள் சில மீண்டும் ஒழுங்காகப் பொருந்துவதில்லை. ஆஸ்முஸன் காலத்துப் புதிரும் இதனால் ஓரளவு அவிழ்கிறது. குறைந்த ஆற்றலில் மிகுந்த விசை பிறக்கிறது என்றால், பணியில் ஈடுபடும் சில இழைகளின்மேல் அவ்விசை முழுவதும் குவிகிறது என்பதே பொருள். மலிவும் சேதமும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள்.

திறன் குன்றும் நாட்கள்

இதுவரை கூறியவை பெரும்பாலும் நோவையும் நிலைத்த வலிமையையும் பற்றியவை. குறுநேரத் திறன் என்னாகிறது என்பதை நேராகக் கேட்டவர்கள் சார்ஜன்ட்டும் டோலனும். 1987இல் வெளிவந்த அவர்கள் ஆய்வில் நால்வர் 25 விழுக்காட்டு இறக்கத்தில், மணிக்கு 6.44 கிலோமீட்டர் வேகத்தில், தசை தாளாமல் சாயும்வரை நடந்தனர். 29 முதல் 40 நிமிடங்களுக்குள் ஒவ்வொருவரும் அந்நிலையை எட்டினர். பிறகு சைக்கிள் போன்ற கருவியில் அவர்களின் உச்ச குறுநேரத் திறன் அளக்கப்பட்டது. உடனே தாழ்ந்த திறன் 96 மணி நேரம் கழித்தும் மீளவில்லை. இறக்க நடை என்னும் எளிய செயல் நான்கு நாட்களுக்கு ஒருவரின் வெடிப்பாற்றலைப் பறித்துவிடும் என்பது இதனால் தெரிந்தது. அந்நடையின்போது அவர்கள் எட்டிய ஆக்சிஜன் செலவு அவர்தம் உச்ச அளவில் ஏறத்தாழ 65 விழுக்காட்டைத் தாண்டவில்லை என்பதும் கருதத்தக்கது. இதயமும் நுரையீரலும் இன்னும் இடமிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே கால்கள் கைவிட்டன.

2002இல் வேல்ஸ் நாட்டின் பாங்கரில் பைர்னும் எஸ்டனும், சுமை தாங்கிய நூறு குந்துப் பயிற்சிகளுக்குப் பின் வலிமையும் சைக்கிள் திறனும் மீளும் விதத்தைப் பல நாட்கள் தொடர்ந்து அளந்தனர். இரண்டும் ஒரே பாதையில் மீளவில்லை. ஒன்றைக் கொண்டு மற்றதை ஊகிக்க இயலாது என்பது அவர்கள் தந்த எச்சரிக்கை. 2005இல் ட்விஸ்ட்டும் எஸ்டனும், பத்துப் பத்தாக நூறு உயரத் தாவல்கள் செய்தவர்களைப் பின்வந்த நாட்களில் 10 மீட்டர் விரைவோட்டங்களிலும் 6 விநாடிச் சைக்கிள் மிதிப்புகளிலும் சோதித்தனர். திறன் தாழ்ந்தது, ஓட்டம் மந்தமாயிற்று. விரைவோட்டத்தை வளர்க்க எனப் பயிற்சியாளர் தரும் அதே தாவல்தான் அடுத்த நாட்களில் விரைவோட்டத்தைக் குறைத்தது.

நோவு மட்டுமே இதன் காரணம் அன்று. நோவு உச்சம் அடைவது பெரும்பாலும் இரண்டாம் நாளை ஒட்டி. விசை இழப்போ பயிற்சி முடிந்த கணமே தொடங்கிவிடுகிறது. ஆகவே நோவு இல்லை என்பதால் திறன் குறையவில்லை என்று கொள்ளவோ, நோவு தணிந்ததால் திறன் மீண்டது என்று கொள்ளவோ இயலாது. வீரரிடம் வலிக்கிறதா என்று மட்டும் கேட்டு முடிவெடுக்கும் பயிற்சியாளர் தவறான கடிகாரத்தைப் பார்க்கிறார்.

தசை கற்றுக்கொள்ளும் பாடம்

இழப்பின் கதை இங்கு முடிந்திருந்தால் எக்சென்ட்ரிக் பயிற்சி கைவிடப்பட்டிருக்கும். முடியாமைக்குக் காரணம் தசையின் வியப்பான ஓர் இயல்பு. பிரிசில்லா கிளார்க்சன் முதலியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வில், இறக்கத்தில் 30 நிமிடம் ஓடியவர்களுள் 3 அல்லது 6 வாரங்கள் கழித்து மீண்டும் ஓடியவர்களுக்கு நோவு வெகுவாகக் குறைந்திருந்தது. 9 வாரங்கள் கழித்து ஓடியவர்களிடம் அந்தப் பாதுகாப்பு தெரியவில்லை. இடையில் எந்தத் தொடர்பயிற்சியும் இல்லை. ஒரே ஒரு முறை பட்டதைத் தசை வாரக்கணக்கில் நினைவில் வைத்திருந்தது. இது பின்னர் மறுமுறை விளைவு எனப் பெயர் பெற்றது. தொடக்கத்தில் சிறு அளவே கொடுத்தாலும் பாதுகாப்பு ஓரளவு கிட்டுகிறது என்பது பிற்கால ஆய்வுகளின் முடிவு. கடுமையான நோவைக் கடந்தே ஆக வேண்டும் என்னும் நம்பிக்கைக்கு இங்கே ஆதாரம் இல்லை.

இப்பாதுகாப்பு வந்த பின்னரே பயன் வெளிப்படுகிறது. விண்வெளி வீரர்களின் தசைத் தேய்வைத் தடுக்க ஸ்வீடனில் வகுக்கப்பட்ட சுழற்சக்கரக் கருவியை, 2003இல் ஆஸ்க்லிங், கார்ல்சன், தோர்ஸ்டென்சன் ஆகியோர் பின்தொடைப் பயிற்சிக்குப் பயன்படுத்தினர். அந்நாட்டின் முதல்தரக் கால்பந்து வீரர் 30 பேரில் பாதிப் பேர் 10 வாரங்கள் வழக்கமான பயிற்சியோடு இதனையும் செய்தனர். அவர்களின் பின்தொடை வலிமை உயர்ந்தது; விரைவோட்ட வேகமும் கூடியது. தொடர்ந்த பருவத்தில் பின்தொடைக் காயம் பயிற்சி பெற்ற 15 பேரில் மூவருக்கும், ஒப்பீட்டுக் குழுவின் 15 பேரில் பத்துப் பேருக்கும் நேர்ந்தது.

2011இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வு இன்னும் பெரியது. 50 கால்பந்து அணிகள், 942 வீரர்கள். கருவி எதுவும் இல்லை. மண்டியிட்டு அமர்ந்தவரின் கணுக்கால்களைத் துணைவர் பிடித்துக்கொள்ள, அவர் உடலை நேராக வைத்தபடி மெல்ல முன்சாயும் நார்டிக் பயிற்சி மட்டுமே. 10 வாரங்களில் அது படிப்படியாக ஏற்றப்பட்டது. பின்தொடைக் காயங்கள் ஒப்பீட்டுக் குழுவில் 52. பயிற்சிக் குழுவில் 15. வீசும் காலைத் தடுப்பதில்தான் ஓட்டத்தின் செலவு உள்ளது என்று 1930இல் ஃபென் கணக்கிட்டதன் பொருள், எண்பது ஆண்டுகள் கழித்து மைதானத்தில் இவ்வாறு விளங்கிற்று. விரைவோட்டத்தில் காயமுறும் தசை பெரும்பாலும் தடுக்கும் பணியில் தோற்ற தசை. அப்பணிக்கே அதனைப் பழக்கியபோது அது தாங்கியது.

இந்திய மைதானங்களில் இதன் பொருள்

இவ்வரலாற்றை இந்திய மைதானத்திலிருந்து படிக்கையில் சில பழக்கங்கள் உறுத்துகின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தோப்புக்கரணமும் வடநாட்டுப் பள்ளிகளில் உட்டக் பைட்டக்கும் நெடுங்காலம் தண்டனையாக வழங்கிவந்தன. ஒவ்வொரு முறை குந்தும்போதும் முன்தொடை நீண்டு எதிர்க்கிறது. பழக்கமில்லாத பிள்ளையை நூறு முறை குந்தச் சொல்வது, ஆய்வகத்தில் தசைச் சேதத்தை வேண்டுமென்றே உண்டாக்கக் கையாளும் நெறிமுறையிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. ஆய்வகத்தில் நன்னெறிக் குழுவின் ஒப்புதலும் பங்கேற்பவரின் சம்மதமும் வேண்டும். அளவு மீறினால் சிதைந்த தசையின் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதும் மருத்துவம் நன்கறிந்தது.

காவல்துறைக்கும் படைக்கும் ஆள்சேர்ப்பு ஓட்டத்துக்குச் செல்லும் இளைஞர் பலர், தேர்வுக்கு முந்தைய சில நாட்களில் படிக்கட்டு ஓட்டத்தையும் தாவலையும் அவசரமாகத் தொடங்குவதுண்டு. சார்ஜன்ட், டோலன் கண்ட 96 மணி நேரம் அவர்களுக்கே உரிய எண். ஆண்டுக்கணக்கில் காத்திருந்த வாய்ப்பை, தாமே விரும்பிக் குறைத்துக்கொண்ட கால்களோடு அவர்கள் சந்திக்கிறார்கள். அதே பயிற்சி இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் சிறு அளவில் தொடங்கியிருந்தால் துணையாக நின்றிருக்கும்.

உடற்கல்வித் துறையின் ஆய்வு மாணவர்க்கும் இங்கு ஒரு பாடம் உண்டு. ஆறு வாரப் பயிற்சியின் முடிவில், கடைசிப் பயிற்சிக்கு மறுநாளே இறுதி அளவீடு எடுத்தால், ஈட்டிய பயனைத் தற்காலிக இழப்பு மறைத்துவிடும். பயன் இல்லை என்னும் முடிவு அளவீட்டு நாளின் முடிவாகிவிடும். பங்கேற்றவர் புதியவரா, பழகியவரா என்பதைக் குறிக்காவிட்டால் மறுமுறை விளைவு கணக்கில் வராது. வலிமையை மட்டும் அளந்துவிட்டு விரைவோட்டத்தைப் பற்றி முடிவு கூறினால், பைர்னும் எஸ்டனும் தந்த எச்சரிக்கை வீணாகும். நோவை மட்டும் கேட்டு எழுதினால், இரு கடிகாரங்களுள் ஒன்றே பதிவாகும்.

எக்சென்ட்ரிக் பயிற்சி விரைவோட்டத்தை வளர்க்குமா என்று கேட்பவர்க்கு நூறாண்டு ஆய்வு எதிர்க்கேள்வி ஒன்றையே தருகிறது: எந்த நாளில்? முதல் நான்கு நாட்களில் அது திறனைக் குறைக்கும். முறையாக ஏற்றிய பத்தாம் வாரத்தில் அது வேகத்தையும் காயமின்மையையும் தரக்கூடும். இரண்டும் ஒரே தசையின் உண்மைகள். 1952இல் இரட்டைச் சைக்கிளின் முன் மகிழ்ந்த அவை அன்றைய கணக்கை மட்டும் கண்டது. மறுநாளின் கணக்கையும் பத்தாம் வாரத்தின் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது பயிற்சியாளர்க்கும் ஆய்வாளர்க்கும் உரிய பொறுப்பு; பிழைத்தால் விலை கொடுப்பது ஓடுபவரின் கால்கள்.